மீனுக்குக் காய்ச்சலா

சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில்
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
பாவாயியக்கா கேட்டாள்:
"ஒம்பது மாசம் கடல்மேலயே இருந்திருக்கே.
தினமும் துடிக்கத் துடிக்கத் தின்னிருப்பே?"

அவள் முதுகுக்குப் பின்னால் தகரத் தொட்டியில்
மேட்டூர்க் கெளுத்தி ஒன்று
விளிம்பில் மீசையைச் சாய்த்துக்கொண்டு
பதிலுக்குக் காத்திருந்தது.

சொன்னேன்.
என் வேலை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.
ஜன்னல் கிடையாது.
அர்த்தநாரி என்ற பெயர்
சட்டையில் குத்திய பட்டைக்குள் அடங்காமல்
ஆர்தர் ஆனது.

அங்கே ஓர் அறை, மைனஸ் இருபதில்.
கூரை முட்டும் அட்டைப்பெட்டிகள்.
நார்வே சால்மன், எக்வடார் இறால்,
வியட்நாம் கெளுத்தி (உன் தொட்டிக்காரனுக்குப் பங்காளி).
கப்பல் எந்தக் கடலில் போகிறதோ
அந்தக் கடலின் மீன் மட்டும் இருக்காது.

நாளைக்கு வேண்டியதை
இன்று ராத்திரியே எடுத்து அடுத்த அறையில் கிடத்துவேன்,
மெல்ல உறக்கம் கலையட்டும் என்று.
அது செத்துப் பதினாலு மாதம்.
நான் கப்பலேறி நாலு மாதம்.
வேலையில் அதுதான் எனக்கு சீனியர்.

மேலே வெள்ளை விரிப்பு மேசையில்
ஒரு பெண்மணி கேட்டாளாம்:
"இது இந்த ஊர் மீனா?"
பரிமாறிய அலெக்ஸியோ கோவாக்காரன்.
பொய் வராது அவனுக்கு.
"எந்த ஊர், மேடம்?" என்றானாம்.
கண்ணாடிக்கு வெளியே நாலு பக்கமும் தண்ணீர்.

நூறு பேர் போகிற சின்னக் கப்பல்களில்
கரையில் இறங்கி வாங்குவதும் உண்டாம்.
கேள்விப்பட்டதுதான்.

நான் கண்டது ஒரே ஒரு காலை.
ஏதோ தீவுக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தோம்.
குப்பை இறக்கப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தபோது
கீழே ஒரு படகு, படகில் ஒரு பையன்.
செவுளில் விரல் கோத்து
சங்கரா மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.
மறு கை விரல்களில் விலை.
செவுள் அப்படியே செம்பருத்தி.
எனக்கு நாக்கு ஊறவில்லை அக்கா,
கத்தி பிடிக்கிற கை ஊறியது.

செஃப்பும் வந்து நின்று பார்த்தார்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகுதான் சொன்னார்:
சான்றிதழ் இல்லை. வெப்பநிலைப் பதிவு இல்லை.
மூவாயிரம் வயிறு, ஆர்தர்.
ஒன்று கலங்கினால் கப்பலே கலங்கும்.

நியாயந்தான்.
அந்தத் தீவின் படகுகள் அத்தனையையும்
கவிழ்த்துக் கொட்டினாலும்
முதல் பந்திக்கே காணாது.
கதவை மூடினார்கள்.
பையன் கையை இன்னும் இறக்கியிருக்கவில்லை.

செதில் சுரண்டிக்கொண்டே கேட்ட பாவாயியக்கா
"அப்ப கடலுக்கும் ஐஸ்பொட்டிலதான் மீன் போவுதா" என்றாள்.
சிரிக்கவில்லை.
"இந்தப் பாறை நேத்து ராத்திரி
நாகப்பட்டினத்துல லாரி ஏறுனது.
ஐஸ்ல வந்ததுன்னு சொல்லித்தான் விக்கிறேன்.
கெளுத்தி காவேரி. காலையில நாலு மணிக்கு."

பழக்கதோஷம்.
சட்டைப் பையிலிருந்து ஊசி வெப்பமானியை எடுத்து
அதன் விலாவில் வைத்தேன்.
அக்கா மணிக்கட்டைப் பிடித்தாள்:
"என்னடா பண்றே? மீனுக்குக் காய்ச்சலா?"
வரிசையில் நின்றவர்கள் பை குலுங்கச் சிரித்தார்கள்.

இருபத்தாறு காட்டியது.
கப்பலில் இந்த எண் வந்தால்
குப்பைத் தொட்டி, நேரம், கையெழுத்து.
இங்கே அது
வாலால் என் முகத்தில் அடித்தது.

"ஒண்ணரைக் கிலோ நிக்கும். வெட்டித் தரட்டா,
இல்ல, கப்பல்காரரே வெட்டிக்கிறீங்களா?"

அரிவாள்மனையை என் பக்கம் திருப்பினேன்.
ஒன்பது மாதம் ஆர்தர் வெட்டியதெல்லாம் கல்.
"முள்ளு பாத்துடா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள்
கை வழுக்கி
ஈரத் தரையில் கெளுத்தி ஓடியது.
செருப்புகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி
வழி விட்டன.